மைனிங் படித்தவருக்கு சீனியர் வட்டம்: சேர்வது எப்படி, பயன்படுத்துவது எப்படி?

விழுப்புரம் மாவட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளைக்கு வழி சொல்ல ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். மைனிங் இன்ஜினியரிங் எடுத்த பிள்ளைக்கு அப்படி இல்லை. திருவெண்ணெய்நல்லூரில் விசாரித்துப் பாருங்கள். நெய்வேலியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு மாமா, வானூர் பக்கம் கல்குவாரிக்கு லாரி ஓட்டும் ஒரு உறவினர், அதோடு தகவல் தீர்ந்துவிடும். செகண்ட் கிளாஸ் மேனேஜர் சர்டிஃபிகேட்டுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம், டிகிரி முடித்த பின் ஒரு வருடப் பயிற்சியை எங்கே செய்தால் லாபம், கேட் தேர்வின் எம்.என். பேப்பரில் எதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

அந்த ஆள் உங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு நாள் கூடி, பழைய ஹாஸ்டல் கதை பேசி, பிரியாணி சாப்பிட்டுக் கலையும் இடம் என்று அந்தச் சங்கத்தைப் பலர் நினைக்கிறார்கள். மற்ற துறைகளில் அப்படி நினைத்தால் பெரிய நஷ்டம் வராது. மைனிங்கில் வரும். காரணம், இது மிகச் சிறிய துறை. தமிழ்நாட்டில் பி.இ. மைனிங் என்றால் முதலில் சொல்லப்படும் பெயர் கிண்டி பொறியியல் கல்லூரி. 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. நாட்டளவில் பெரிய பெயர் தன்பாத். 1926 டிசம்பர் 9 அன்று இந்தியன் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் என்று தொடங்கி, 2016-ல் ஐஐடி அந்தஸ்து பெற்றது. சூரத்கல் என்.ஐ.டி., கோலார் தங்கவயல் என்று இன்னும் சில இடங்கள். ஒரு பேட்ச் என்பது ஒரு வகுப்பறை அளவுதான். ஒரு கல்லூரியின் முப்பது வருட மைனிங் பேட்ச்களைத் திரட்டினாலும் விழுப்புரத்தில் ஒரு பெரிய கல்யாண மண்டபம் போதும்.

இவ்வளவு சிறிய வட்டத்தில் ரெஸ்யூமை விடப் பெயர் வேகமாகப் போகும். நெய்வேலியில் ஷிஃப்டில் அலட்சியமாக இருந்தவரைப் பற்றி ஒடிசாவில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். நல்ல பெயரும் அதே வேகத்தில் போகும். ஆகவே உங்கள் இலக்கு ‘நிறைய பேரைத் தெரிந்துகொள்வது’ அல்ல. ‘இந்தப் பிள்ளையிடம் கொடுத்தால் வேலை முடியும்’ என்று உங்களை விட மூத்த மூன்று பேர் நம்ப வேண்டும். அதற்கான வேலையைப் படிக்கும்போதே தொடங்குங்கள்.

1. யார் எங்கே என்று பட்டியல் போடுங்கள்

இரண்டாம் ஆண்டிலேயே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறங்கள். சங்கத்தின் டைரக்டரி, டிபார்ட்மென்ட் ஆபீஸ், லிங்க்ட்இன் மூன்றிலிருந்தும் பெயர்களை எடுத்து, வேலை வகைப்படி பிரியுங்கள். பொதுத்துறை: என்எல்சி இந்தியா, கோல் இந்தியா, என்எம்டிசி. சிமென்ட்: அரியலூர், டால்மியாபுரம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். மாநில அரசு: டாமின், புவியியல் மற்றும் சுரங்கத் துறை. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் ஐ.ஆர்.இ.எல். பிறகு சுரங்கப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மத்திய இயக்குநரகமான டிஜிஎம்எஸ், கன்சல்டன்சி, மைன் பிளானிங் சாஃப்ட்வேர், வெளிநாடு.

இப்படிப் பிரித்தால்தான் உங்கள் பார்வையில் எது குறைகிறது என்று தெரியும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மைனிங் என்றால் என்எல்சி, என்எல்சி என்றால் நெய்வேலி. பண்ருட்டி வழியாகப் பஸ் ஏறினால் போய்விடலாம் என்ற நினைப்பு. ஆனால் அதே என்எல்சிக்கு ராஜஸ்தானில் பர்சிங்சர் லிக்னைட் சுரங்கமும் ஒடிசாவில் தாலாபிரா நிலக்கரிச் சுரங்கமும் இருக்கின்றன. ஆஃபர் லெட்டரில் ஊர் பெயர் வந்த பிறகு அதிர்ச்சி அடைவதில் பயனில்லை. அங்கே இருக்கும் ஒரு சீனியரிடம் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், மொழி, ப்ரமோஷன் நான்கையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தூரத்து சைட்டில் ஆள் குறைவு, பொறுப்பு சீக்கிரம் கைக்கு வரும். அதைத் தெரிந்து தேர்ந்தெடுப்பவர் முந்துகிறார்.

2. முதல் மெசேஜிலேயே மதிப்பெண் விழுகிறது

‘ஹாய் சார், எனக்கு மைனிங்கில் இன்ட்ரஸ்ட் இருக்கு, கைட் பண்ணுங்க.’ இந்த மெசேஜுக்குப் பதில் வராது. என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்றே படிப்பவருக்குப் புரியாது.

இப்படி எழுதுங்கள்: ‘வணக்கம் சார். கிண்டி மைனிங், மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர். நீங்கள் ஹட்டி தங்கச் சுரங்கத்தில் நிலத்தடியில் வேலை பார்த்ததாக பேட்ச் பட்டியலில் பார்த்தேன். டிசம்பர் விடுமுறையில் நிலத்தடிச் சுரங்கத்தில் இரண்டு வாரப் பயிற்சி பெற விரும்புகிறேன். கல்லூரிக் கடிதத்தை எந்த அதிகாரியின் பெயருக்கு வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.’ யார், எந்த ஊர், ஏன் இவரிடம் கேட்கிறேன், ஒரே ஒரு கேள்வி. இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். சொல்வார்.

அழைக்கும் முறையையும் கவனியுங்கள். உங்களுக்கு ஐந்தாறு வருடம் மூத்தவர் என்றால் ‘அண்ணா’, ‘அக்கா’ பொருந்தும். அதற்கு மேல் ‘சார்’, ‘மேடம்’. ரிட்டயர் ஆன ஜெனரல் மேனேஜரை முதல் போனிலேயே ‘அண்ணா’ என்று அழைக்க வேண்டாம். போன் செய்வதற்கு முன் எந்த ஷிஃப்ட் என்று மெசேஜில் கேளுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்தவரைக் காலை பத்து மணிக்கு எழுப்பிய ஜூனியரை அவர் மறக்க மாட்டார்.

3. நிலத்தடி அனுபவத்தை விட்டுவிடாதீர்கள்

இந்தத் துறையில் பலருக்கு மிகவும் தாமதமாகத் தெரியவரும் விஷயம் இது. சீனியர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். மைன் மேனேஜர் சர்டிஃபிகேட்டில் இரண்டு வகை இருக்கிறது. திறந்தவெளிச் சுரங்க அனுபவம் மட்டும் இருந்தால் ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்ற முத்திரையுடன் கிடைக்கும். அதை வைத்து ஓப்பன்காஸ்ட் சுரங்கத்தை மட்டுமே நடத்தலாம். ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ வேண்டுமென்றால் நிலத்தடி அனுபவம் கட்டாயம். நெய்வேலி முழுக்க முழுக்க ஓப்பன்காஸ்ட். அரியலூர் சுண்ணாம்புக்கல்லும் அப்படித்தான். அதாவது தமிழ்நாட்டுக்குள்ளேயே பயிற்சி முடித்து, தமிழ்நாட்டுக்குள்ளேயே வேலையில் சேர்ந்தவருக்கு அந்தக் கதவு தானாகத் திறக்காது.

எனவே டிகிரிக்குப் பின் வரும் ஒரு வருடப் பயிற்சியை, அதாவது பி.ஜி.பி.டி.யை, யோசித்துத் திட்டமிடுங்கள். தெற்கே இதற்கான அலுவலகம் சென்னை தரமணியில் உள்ள அப்ரென்டிஸ்ஷிப் பயிற்சி வாரியம். தெலங்கானாவின் சிங்கரேணி, கர்நாடகாவின் ஹட்டி போன்ற இடங்களில் நிலத்தடி வேலை உண்டு. அங்கே எப்போது ஆள் எடுக்கிறார்கள், எத்தனை நாள் நிலத்தடியில் விடுகிறார்கள், தங்க இடம் உண்டா என்பதெல்லாம் எந்த அறிவிப்பிலும் இருக்காது. போன வருடம் அங்கே பயிற்சி முடித்த சீனியரிடம் இருக்கும். இன்னொன்று: நிலக்கரிக்கு ஒரு சர்டிஃபிகேட், உலோகச் சுரங்கத்துக்கு வேறு சர்டிஃபிகேட். லிக்னைட் நிலக்கரிப் பக்கம் சேரும், கல்குவாரி உலோகப் பக்கம் சேரும். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதை இருபத்திரண்டு வயதில் தெளிவாக முடிவு செய்தவருக்கும், முப்பது வயதில் திரும்பிப் பரீட்சை எழுதுபவருக்கும் சம்பளத்தில் வித்தியாசம் தெரியும்.

4. பேப்பரைக் கையோடு வாங்குங்கள்

திருவெண்ணெய்நல்லூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிவன் முதியவராக வந்து சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வழக்கு நடந்த ஊர் இது. அந்த முதியவர் நீட்டிய படி ஓலையைச் சுந்தரர் கிழித்தும் வழக்கு நின்றது, மூல ஓலை பத்திரமாக இருந்ததால். சபையில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்பு சொன்னார்கள்.

சுரங்க வேலையும் பேப்பரில்தான் நிற்கிறது. பயிற்சிச் சான்று, அனுபவச் சான்று, முதலுதவிச் சான்று, நிலக்கரிப் பக்கம் என்றால் கேஸ் டெஸ்டிங் சான்று. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தச் சுரங்கம், நிலத்தடியா திறந்தவெளியா, என்ன பதவி என்று மேனேஜர் கையெழுத்துடன் இருக்க வேண்டும். சுரங்கத்தை விட்டு வெளியேறும் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ‘அப்புறம் வாங்கிக்கலாம்’ என்றவர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? மேனேஜர் டிரான்ஸ்ஃபர், கம்பெனி கைமாறியது, குவாரி லீஸ் முடிந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது, பழைய மேனேஜர் எந்த ஊரில் இருக்கிறார் என்று சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் தேடிக்கொண்டிருப்பார்கள். பல சமயம் கண்டுபிடித்தும் கொடுக்கிறார்கள், அது சங்கத்தின் உண்மையான சேவைகளில் ஒன்று. ஆனால் அந்த நிலைக்கு நீங்கள் போகாதீர்கள். ஒரிஜினல் வீட்டில், ஸ்கேன் மெயிலில், இன்னொரு காப்பி உறவினர் வீட்டில்.

5. சீனியரின் நோட்ஸை வாங்குங்கள், தேதி பார்த்து வாங்குங்கள்

மேனேஜர் சர்டிஃபிகேட்டுக்கான டிஜிஎம்எஸ் தேர்வில் சட்டம் முக்கியமான பகுதி. 1957-ம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க விதிகளை வைத்துத் தேர்ச்சி பெற்ற சீனியரின் நோட்ஸ் அழகான கையெழுத்தில் இருக்கலாம். ஆனால் 2017-ல் புதிய விதிகள் வந்து, விதி எண்கள் மாறிவிட்டன. உலோகச் சுரங்கத்துக்கு 1961 விதிகள். அதற்கு மேல் 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வேறு வந்திருக்கிறது. ஆகவே சட்டத்தை டிஜிஎம்எஸ் வெளியீட்டிலிருந்து படியுங்கள். சீனியரிடம் கேட்க வேண்டியது வேறு: எந்த மாதிரி கேள்வி வருகிறது, விடையை எப்படி அணுகுவது, விண்ணப்பம் எந்தக் காரணத்துக்காகத் திரும்பி வருகிறது. கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். அறிவு குறைந்து தோற்பவரை விட, ஒரு சான்றில் தேதி தவறி ஒரு வருடம் இழந்தவரைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

6. இன்டர்வியூவில் கதை அல்ல, காரணம் சொல்லுங்கள்

சங்கம் நடத்தும் மாக் இன்டர்வியூவைத் தவற விடாதீர்கள். சங்கம் நடத்தவில்லை என்றால் இரண்டு சீனியர்களைக் கேட்டு நீங்களே நடத்துங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் நெய்வேலியைப் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். ‘1956-ல் தொடங்கிய நிறுவனம், ஜம்புலிங்க முதலியார் நிலம் கொடுத்தார்’ என்பது பொது அறிவு, நல்லதுதான், ஆனால் அது இன்ஜினியரின் பதில் ஆகாது. லிக்னைட் படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் நிலத்தடி நீர் இருக்கிறது, இடைவிடாமல் பம்ப் செய்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் புகும், அதனால்தான் அங்கே நிலத்தடி நீர்க் கட்டுப்பாடு தனிப் பிரிவாக இயங்குகிறது என்று சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். மேலே உள்ள மண்ணை அகற்ற 1400 லிட்டர் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் ஏன், டம்பரும் ஷவலும் ஏன் போதாது என்று தொடர்ந்து பேசலாம்.

தன்பாத் முன்னாள் மாணவர் ஜஸ்வந்த் சிங் கில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 நவம்பரில் ராணிகஞ்ச் பகுதியின் மகாபீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. புதிதாகத் துளையிட்ட போர்ஹோல் வழியே எஃகு கேப்ஸ்யூலை இறக்கி, தானே அதில் உள்ளே போய், சிக்கியிருந்த 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். 2023-ல் சினிமாவாகவும் வந்தது. எல்லோரும் அவருடைய வீரத்தைப் பேசுவார்கள். நீங்கள் அந்தத் துளை சரியான இடத்தில் இறங்க வேண்டியதைப் பேசுங்கள். சர்வேயரின் பிளான் தவறாக இருந்தால் போர்ஹோல் பாறைக்குள் போய் நின்றிருக்கும். சர்வே, பிளான், தப்பிக்கும் வழி, இந்த மூன்றையும் ஒரே பதிலில் இணைத்துப் பேசும் ஃப்ரெஷர் அபூர்வம்.

நிலம் எடுப்பு பற்றிய கேள்வியும் வரும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் என்எல்சிக்காக இயந்திரம் இறங்கியதை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நிறுவனத்துக்கு ஜால்ராவும் வேண்டாம், மேடைப் பேச்சும் வேண்டாம். இழப்பீடு, மறுகுடியமர்வு, வேலை என்ற மூன்றில் எது நடந்தது, எது தாமதமானது என்று தெரிந்து பேசுங்கள். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, நிலம் கொடுத்தவரிடம் அவர் மொழியில் மரியாதையாகப் பேசத் தெரிந்த இன்ஜினியர் எந்தச் சுரங்கத்துக்கும் தேவை. தென்பெண்ணைக் கரைப் பிள்ளைக்கு அது இயல்பாக வரும். அந்தத் திறமைக்கு விலை இருக்கிறது, வெட்கப்படாமல் ரெஸ்யூமில் காட்டுங்கள்.

7. பெண்களுக்கு ஒரு வார்த்தை

2019 ஜனவரியில் மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. அதன்படி, எழுத்துப்பூர்வ சம்மதத்துடன், குறைந்தது மூன்று பேர் குழுவாக, காலை 6 முதல் மாலை 7 மணி வரை தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவு ஷிஃப்டும் திறந்துவிட்டது. ‘பெண்ணுக்கு சைட் வேலை கிடைக்காது’ என்று சொல்லும் சீனியர் பழைய காலத்தைச் சொல்கிறார். சங்கத்தில் சைட்டில் இருக்கும் அக்காக்களைத் தேடிப் பேசுங்கள். கழிவறை, ஓய்வறை, போக்குவரத்து நிலைமை எந்தச் சுரங்கத்தில் எப்படி என்பதை அவர்கள்தான் நேர்மையாகச் சொல்வார்கள்.

8. கல்குவாரியைக் குறைவாக நினைக்காதீர்கள்

கேட் ரேங்க் வராதவர் நம் மாவட்டத்தில் சோர்ந்துபோய் ஐடி பக்கம் திரும்புகிறார். அதற்கு முன் ஒரு நாள் திருவக்கரை பக்கம் போய்வாருங்கள். கல்மரப் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதாது, அந்தப் பக்கத்துக் கருங்கல் குவாரிகளையும் பாருங்கள். ஒவ்வொரு குவாரிக்கும் மைனிங் பிளான் வேண்டும். சர்வே வேண்டும். வெடி வைப்பதில் தகுதி பெற்ற ஆள் வேண்டும். 2012-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று சொன்ன பிறகு பேப்பர் வேலை பல மடங்கு ஆகிவிட்டது. மைனிங் டிகிரியும் ஐந்து வருட மேற்பார்வை அனுபவமும் சேர்ந்தால் மைனிங் பிளான் தயாரிக்கும் தகுதி வரும். சங்கத்தில் இந்த வேலையைச் சொந்தமாக நடத்தும் சீனியர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இரண்டு வருடம் வேலை பாருங்கள். டிரோன் சர்வே, டிஜிபிஎஸ், சர்பேக் போன்ற சாஃப்ட்வேர் மூன்றும் கையில் வந்துவிடும். சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான். ஆனால் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சொந்த ஆபீஸ் போடும் வழி இதில் இருக்கிறது.

9. கேட்கவே கூடாத மூன்று

‘சார், உங்க கம்பெனில சொல்லி போட்டுவிடுங்க’ என்று பொதுத்துறையில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். அங்கே தேர்வு மதிப்பெண்ணில் நடக்கிறது. கேட்டால் உங்கள் பெயர்தான் கெடும். நெய்வேலியில் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், சங்கத்தின் பெயரைச் சொன்னாலும், மோசடி. உடனே சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

கம்பெனி டேட்டா கேட்காதீர்கள். ப்ராஜெக்ட்டுக்கு போர்ஹோல் டேட்டா அனுப்பச் சொல்லி சீனியரை இக்கட்டில் மாட்டிவிடுவது அவர் வேலைக்கே உலை வைக்கும்.

கடன் கேட்காதீர்கள். ஃபீஸ் கட்ட முடியாத நிலை என்றால் சங்கத்தில் ஸ்காலர்ஷிப் இருக்கிறதா என்று முறையாக விண்ணப்பியுங்கள். அதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

10. வேலை கிடைத்த பிறகுதான் சங்கம் உண்மையில் தேவை

வேலை கிடைத்ததும் குரூப்பை மியூட் செய்பவர்கள் தங்கவயலை நினைத்துப் பார்க்க வேண்டும். 1880-களில் தொடங்கி, மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இறங்கி உழைத்த இடம். 2001 பிப்ரவரி 28 அன்று மூடிவிட்டார்கள். எந்தச் சுரங்கத்துக்கும் ஆயுள் உண்டு. கனிமம் தீரும், விலை விழும், லீஸ் முடியும். அடுத்த சுரங்கம் எங்கே திறக்கிறது என்பது விளம்பரம் வருவதற்கு முன் பழைய பேட்ச்மேட்டுக்குத் தெரியும். வருடத்துக்கு இரண்டு முறை, எதுவும் கேட்காமல், நான் இப்போது இந்த வேலை செய்கிறேன் என்று நாலு வரி எழுதுங்கள். வெளிநாடு போக எண்ணம் இருந்தால் முன்பே பேசத் தொடங்குங்கள். ஆஸ்திரேலியாவில் மேனேஜர் பொறுப்புக்கு நம் சர்டிஃபிகேட் அப்படியே செல்லாது, அந்தந்த மாநிலத்துச் சட்டப்படி தகுதி பெற வேண்டும். அதற்கு ஆகும் காலத்தையும் செலவையும் அங்கே இருப்பவர் சொல்லித்தான் கணக்குப் போட முடியும்.

உதவியவருக்கு நன்றி சொல்வதிலும் முறை இருக்கிறது. கம்பர் தம்மை ஆதரித்த சடையப்ப வள்ளலை நூற்றுக்கு ஒரு பாட்டில் வைத்தார் என்றும், அவையோர் சொல்லி அதை ஆயிரத்துக்கு ஒன்றாக ஆக்கினார் என்றும் நம் ஊரில் சொல்வார்கள். அந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் புகழ வேண்டாம். ரிசல்ட் வந்த அன்று, குரூப்பில், இன்னார் சொன்ன இன்ன யோசனையால் இது நடந்தது என்று பெயரோடு ஒரு முறை எழுதுங்கள். அடுத்த ஜூனியர் யாரிடம் போக வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சங்கத்தில் பொறுப்பு கேட்டு வாங்குவதாக இருந்தால் மேடையில் உட்காரும் பதவியைக் கேட்காதீர்கள். டைரக்டரியைப் புதுப்பிக்கும் வேலையைக் கேளுங்கள். யாரும் விரும்பாத வேலை அது. ஒவ்வொரு சீனியருக்கும் போன் செய்து, இப்போது எங்கே, என்ன பதவி, எந்தச் சர்டிஃபிகேட், ஜூனியருக்கு எதில் உதவ முடியும் என்று நான்கு கேள்வி கேட்க வேண்டும். ஒரு வருடத்தில் அந்தச் சங்கத்தில் அனைவரையும் தெரிந்த ஒரே இளைஞர் நீங்களாக இருப்பீர்கள். கல்லூரிச் சங்கம் தூங்கிக்கொண்டிருந்தால் மைனிங் இன்ஜினியர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவின் தமிழ்நாடு கிளையை அணுகுங்கள். டிப்ளமோ படித்தவர்களும் தயங்க வேண்டாம். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் மைனிங் படித்தவர்களை எந்தக் கல்லூரி என்று பார்க்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் கூட்டுங்கள். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இடம் பாருங்கள், நெய்வேலியிலிருந்து வருபவர் அடுத்த ஷிஃப்டுக்குத் திரும்பிப் போக வசதியாக இருக்கும். பிளஸ் டூ முடித்து கவுன்சலிங்குக்குக் காத்திருக்கும் பிள்ளைகளையும் பெற்றோரோடு அழைத்துக்கொள்ளுங்கள்.